அக்கா பார்க்காத எட்டாவது எபிசோட்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையைத் தேடிக்கொண்டு நான் எங்கும் போகவில்லை. வெள்ளை பெயின்ட் வாங்கத்தான் போனேன். கடையில் நிறம் கலப்பவர் என் டப்பாவை இயந்திரத்தில் குலுங்கவிட்டுவிட்டு, முந்தின நாள் பார்த்த நகைச்சுவைத் தொடரைப் பற்றிக் கணக்காளரிடம் தீர்ப்பு வழங்கிக்கொண்டிருந்தார். கடையில் அவருக்கு 'நடுவர்' என்றே பெயர்.

"லிப்ட் ரிப்பேர் பண்றவன் லிப்டுக்குள்ளயே மாட்டிக்கிறான். கூட மாட்டினவரு கோபமா கம்பெனிக்குப் போன் போடுறாரு. எந்தப் போன் அடிக்குது? இவன் பாக்கெட்டுல இருக்கிறது! வேற யாராவது எடுத்திருந்தா அங்கயே சிரிப்புச் சத்தத்தைப் போட்டு முடிச்சிருப்பான். இவங்க என்ன பண்ணாங்க தெரியுமா? இவன் போனை எடுத்துப் பேசுறான்! 'ஆள் கிளம்பிட்டாரு சார், இப்ப வந்துடுவாரு'ன்னு அந்த மனுஷன் மூஞ்சியைப் பாத்துக்கிட்டே சொல்றான். சிரிக்காம சொல்றான். அதுதான்யா நடிப்பு!"

அந்தத் தொடரை நான் பார்த்ததே இல்லை. இருந்தும் சிரித்துவிட்டேன். கணக்காளர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "சார் கதை எழுதுறவரு" என்று என்னைக் காட்டிக்கொடுத்தார்.

நடுவரின் முகம் மாறியது. கையைத் துணியில் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தார்.

"அப்ப உங்ககிட்டதான் சார் கேக்கணும். கதையில ஒருத்தி செத்துட்டா. அவ சாகாத மாதிரியே எப்படிக் கொண்டுபோறது?"

டப்பா குலுங்கி முடித்திருந்தது. நான் அங்கிருந்து நகரவில்லை.

2

இனி எழுத வேண்டியதுதான். முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

"தொலைக்காட்சி என்னும் மாயப்பெட்டியிடம் தன் மாலைப்பொழுதுகளைப் பறிகொடுத்த எண்ணற்ற மனிதர்களுள் ஒருவராகிய—"

[அடித்துவிட்டேன். யாரை ஏளனம் செய்கிறேன்? அந்த வாரமே அவர் சொன்ன இரண்டு தொடர்களையும் முதல் எபிசோடிலிருந்து பார்த்தேன். ஒத்துக்கொண்ட கட்டுரை ஒன்று எழுதப்படாமல் கிடந்தது. பத்திரிகைக்காரர் போன் செய்தபோது காய்ச்சல் என்றேன்.]

இரண்டாவது ஆரம்பம்:

"அக்கா குப்புறப் படுத்திருந்தாள்."

இது இருக்கட்டும். உண்மையும் இதுதான்.

நடுவரும் அவருடைய அக்காவும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். அக்காவின் ஒரு கண் பல வருடங்களாகவே மங்கல். நன்றாக இருந்த கண்ணிலும் விழித்திரை பிய்ந்துவிட்டது. டாக்டர் அதை ஒட்டவைத்து, உள்ளே கொஞ்சம் காற்றை அடைத்து அனுப்பியிருந்தார். அந்தக் காற்று விழித்திரையை அழுத்திப் பிடிக்க வேண்டுமென்றால் முகம் தரையைப் பார்த்தே இருக்க வேண்டும். சாப்பிடும்போதும் அப்படித்தான், தூங்கும்போதும் அப்படித்தான். எனவே கட்டிலின் ஓரத்தில் வளையத் தலையணை வைத்து, அதில் முகத்தைப் பதித்துக் குப்புறக் கிடந்தாள். பார்வை திரும்புமா திரும்பாதா என்பது பிறகுதான் தெரியும்.*

(* இருவருக்கும் 'அவர்' போட்டால் வாசகருக்குக் குழம்பும். அக்கா மன்னிக்கட்டும். வயதில் எனக்கும் மூத்தவள்தான்.)

ஓய்வு பெறும்வரை அவள் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவள். காது கூர்மை. சத்தத்தை மட்டும் வைத்துத் தொடர் பார்த்துவிடுவாள். பேச்சில்லாத இடங்களில்தான் தம்பியின் கண் வேண்டும். அவர் கட்டிலுக்குக் கீழே முதுகைச் சாய்த்து உட்காருவார். அவள் கையைக் கீழே தொங்கவிட்டு அவர் தலைமேல் வைத்துக்கொள்வாள். சிரிப்பு வந்தால் இரண்டு தட்டு. தம்பி சொல்லத் தாமதித்தால் ஒரு குட்டு.

"அப்புறம்?"

"இரு அக்கா. யாரும் பேசல. ஒருத்தரை ஒருத்தர் பாக்குறாங்க."

"எப்படிப் பாக்குறாங்க?"

"சம்பந்தியைப் பாக்குற மாதிரி."

இரண்டு தட்டு.

3

லிப்ட் தொடர் சிரிப்பதற்கு. இருவருக்கும் உயிரானது இன்னொன்று: சாவி வெட்டும் கடை நடத்தும் ஒருத்தியின் கதை. அவளுக்கு இரண்டு தம்பிகள். அவர்களை வளர்த்ததும் அவள், திட்டுவதும் அவள். சாவிக்கடைக்காரி வாயைத் திறந்தாலே கட்டிலில் இருந்து ஒரு தட்டு வரும். "அவ நான்தான்டா" என்பாள் அக்கா.

நடுவருக்கு அந்தத் தொடரில் பிடித்தது சுவர். கடையில் அவளுக்குப் பின்னால் இருக்கிற பச்சைச் சுவர்.

"வாரா வாரம் அந்தப் பச்சை வெளுக்குது சார். செட் போடுறவன் ஒரு எபிசோடுக்கு ஒரு சொட்டு வெள்ளை சேத்து மறுபடி அடிச்சிருக்கான். எத்தனை பேருக்குத் தெரியும்? என்னை மாதிரி நாலு பேருக்குத் தெரியும். அந்த நாலு பேருக்காக ஒருத்தன் மெனக்கெட்டிருக்கான் பாருங்க, அவன் கையைப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கணும்."

நான் போய்ச் சரிபார்த்தேன். உண்மைதான். முதல் எபிசோடையும் ஏழாவதையும் அடுத்தடுத்து வைத்தால் எனக்கே தெரிந்தது. இத்தனை வருடம் எழுதி, நாலு பேருக்காக ஒரு சொட்டு வெள்ளை சேர்த்திருக்கிறேனா என்று யோசித்தேன். பொறாமையாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

அந்தச் சுவரைப் பற்றி ஒரு வசனம் உண்டு. மூன்றாவது எபிசோடில் தம்பிகள் பெயின்ட் டப்பாவோடு வந்து நிற்பார்கள். சாவிக்கடைக்காரி விரட்டுவாள்: "நான் இருக்கிற வரைக்கும் இந்தச் சுவத்துல எவனும் கை வைக்கக் கூடாது. எனக்கப்புறம் அடிச்சுக்கோங்க." அக்காவுக்கு அது மனப்பாடம். தலையணை உறையை மாற்றலாமா என்று தம்பி கேட்டால்கூட, "நான் இருக்கிற வரைக்கும்..." என்று ஆரம்பித்துவிடுவாள்.

ஏழாவதில் சாவிக்கடைக்காரி நோயில் விழுந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து, கடைசிக் காட்சியில் கடைக்குத் திரும்பினாள். அன்று அக்கா சொன்னாள்: "பாத்தியாடா, எழுந்து வந்துட்டா. நானும் எழுந்துடுவேன்."

4

எட்டாவது எபிசோட். நடுவரின் தீர்ப்பு: "நான் பாத்ததுலயே இதுக்கு மேல ஒண்ணு கிடையாது."

எனக்கும் மறுப்பில்லை. பின்பாதியில் ஒரு பேச்சுக்கூட இல்லை. அவள் ஒரு சாவியை இயந்திரத்தில் பொருத்துகிறாள். இயந்திரம் ஓடுகிறது. கேமரா தெருவைப் பார்க்கிறது, சுவரைப் பார்க்கிறது. ஒரு சாவிக்கு இவ்வளவு நேரம் ஆகாதே என்று நமக்கு உறைக்கிற சமயத்தில் சின்னத் தம்பி உள்ளே வருகிறான். நிற்கிறான். பிறகு மெதுவாக நடந்துபோய் சுவிட்சை அணைக்கிறான். அவ்வளவுதான். அலறல் கிடையாது, இசை கிடையாது.

"அப்புறம்?" அக்கா குட்டினாள்.

"தம்பி வந்து மெஷினை நிறுத்திட்டான்."

"அவ?"

"உக்காந்திருக்கா."

"அசந்துட்டாளா?"

"ஆமாக்கா. கண்ணை மூடிட்டா... தூங்கிட்டா."

"தூங்கட்டும் பாவம். ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த உடம்பு."

அவளுடைய கை அவர் தலைமேல் இருந்தது. குலுங்கினால் தெரிந்துவிடும். நடுவர் தலையை ஆட்டாமல் அழுதார். (நான் வீட்டில் முயன்று பார்த்தேன். முடியவில்லை.)

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். அன்று மறைந்தது. ஏன் தெரியுமா? தொடர் அவ்வளவு நன்றாக எடுக்கப்பட்டிருந்தது. மட்டமான தொடராக இருந்திருந்தால் வயலின் வீறிட்டு அவரைக் காட்டிக்கொடுத்திருக்கும். இரண்டு பேர் மார்பில் அடித்துக்கொண்டிருப்பார்கள்.

"நல்லா எடுத்துத் தொலைச்சுட்டாங்க சார்," என்றார் என்னிடம்.

பொய் சொன்னதைவிட இன்னொன்றுதான் அவரை அரித்தது. இவ்வளவு நல்ல எபிசோட் அக்காவுக்குக் கிடைக்காமல் போய்விட்டது, மறைத்தது அவர். ஒரு ரசிகன் இன்னொரு ரசிகனுக்குச் செய்கிற காரியமா இது? அழுதால் கண்ணுக்கு ஆகாது என்று தனக்கே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு, டாக்டரிடம் போன் போட்டும் கேட்டிருக்கிறார். "தலையை மட்டும் தூக்காம, எவ்வளவு வேணும்னாலும் அழச் சொல்லுங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தச் சமாதானமும் போயிற்று.

அடுத்த வாரம் கடைசி எபிசோட். அதற்கு மறுநாள் காலையில் கண் பரிசோதனை. செத்தவள் பேசப்போவதில்லை, தொலைபேசி நிலையத்துக் காது அந்தக் குரலுக்காகக் காத்திருக்கும்.

5

நான் அவருக்குக் கொடுத்த முடிவுகள்:

முதலாவது, உண்மையைச் சொல்லிவிடுவது. "சொல்லலாம் சார். பரிசோதனைக்கு முந்தின நாளா சொல்றது?" என்றார்.

அடுத்தது, அவளை வெளியூர் அனுப்பிவிடுவது. "ஓய்வுக்காகத் தோழி வீட்டுக்குப் போயிருக்கா" என்று ஒரு வரி. குரல் இல்லாததற்கும் அது காரணமாகும். [எழுத்தாளர்கள் காலங்காலமாகச் செய்துவருகிற திருட்டுத்தனம். என் நாவல் ஒன்றில் ஒரு சித்தப்பாவை இப்படித்தான் அனுப்பினேன். அவர் இன்னும் திரும்பவில்லை.]

மூன்றாவதை நான் அவரிடம் சொல்லவில்லை. அக்காவுக்கு முதலிலிருந்தே தெரியும் என்பது அது. தம்பியின் தலை நடுங்கியதை அந்தக் கை அறிந்திருந்தது, அவருக்காகத் தெரியாததுபோல் இருந்தாள் என்று—

[வேண்டாம். அழகாக இருக்கிறது, அதனாலேயே நம்பிக்கை வரவில்லை. அக்கா அப்படிப்பட்டவளும் இல்லை. தெரிந்திருந்தால் அப்போதே மண்டையில் இறக்கியிருப்பாள்.]

நடுவர் தோழி வீட்டைத் தேர்ந்தெடுத்தார். நிறம் கலக்கிறபோதெல்லாம் அந்த வரியை முணுமுணுத்துப் பார்த்தார். கடைசியில், "நீங்களும் வந்துடுங்க சார். பக்கத்துல ஒரு ஆள் இருந்தா நாக்கு குழறாது," என்றார்.

6

போனேன். கட்டிலுக்கு அருகில் நாற்காலி போட்டார்கள். "எழுதுறவரா? உங்க தலையெல்லாம் எனக்குத் தெரியாது, காலுதான் தெரியுது, அதுவும் மங்கலா," என்றாள் அக்கா தரையைப் பார்த்தபடி. நடுவர் கீழே உட்கார்ந்தார். கை வந்து தலைமேல் அமர்ந்தது.

தொடர் ஆரம்பித்தது. கடையின் கதவு ஏறுகிற சத்தம். நடுவர் தோழி வீட்டுக்காக வாயைத் திறந்தார். அதற்குள் திரையில் அந்தச் சுவர் வந்தது.

"அடடடா! பச்சைக்கா! புதுசா அடிச்சிருக்காங்க! முதல் எபிசோட்ல இருந்த அதே பச்சை, ஒரு சொட்டு வெள்ளை இல்ல. ரெண்டு கோட்டு ஓடியிருக்கு, ஓரத்துல பிரஷ் தடம்கூட இல்ல, என்னமா..."

பாதியில் நின்றார். யாரும் அவரைக் கேட்கவில்லை, தொழில்புத்தி முந்திக்கொண்டது. திரையில் தம்பிகள் இருவரும் பேசாமல் நின்றார்கள். இப்போதும் இசை இல்லை. எவ்வளவு பெரிய கலைஞர்கள் என்று அந்த நேரத்திலும் எனக்குத் தோன்றியது. என்னை நானே வைதுகொண்டேன்.

தலைமேல் இருந்த கை அசையவில்லை. அக்கா கேட்டாள்.

"அவ இருக்கும்போது எவன்டா அந்தச் சுவத்துல கை வச்சான்?"

நடுவர் திரும்பி என்னைப் பார்த்தார். முடிவுகளைப் பையில் போட்டுக்கொண்டு திரிகிற நான் தரையைப் பார்த்தேன். பிறகு அவர் திரும்பிக்கொண்டு பதில் சொன்னார்.

என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியும், பக்கத்தில்தான் இருந்தேன். ஆனால் எழுத மாட்டேன். இதுவரை நீங்களும் தலையைக் குனிந்துகொண்டு, நான் பார்த்துச் சொன்னதையெல்லாம் நம்பிக்கொண்டுதான் வந்திருக்கிறீர்கள். அந்தச் சௌகரியம் போதும். இறங்கி வந்து தரையில் உட்காருங்கள். முதுகைக் கட்டிலில் சாய்த்துக்கொள்ளுங்கள். நாளைக் காலையில் கண் பரிசோதனை. உங்களை வளர்த்த கை உங்கள் தலைமேல் இருக்கிறது. நீங்கள் தாமதிக்கிறீர்கள், ஒரு குட்டு விழுகிறது.

"அப்புறம்?"