மேளம் அடிக்காத தெரு

என் மன்னி வசுமதி, பெண் கல்யாணத்தில் மேளமே கூடாது என்று சொன்னபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இந்தக் கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டுக்காரர்கள் நாய்க்குப் பிறந்தநாள் என்றால்கூட டோல் அடிக்கிறார்கள். ஷ்ருதி மட்டும் என்ன பாவம் செய்தாள்?

"நீதானே சுபா சொன்னே, அந்த ஜெர்மன் ஊர்ல ஒரு தெருவுல வாத்தியமே வாசிக்க மாட்டான்னு" என்றாள் மன்னி.

சொன்னேன்தான். டெல்லியில் ஜெர்மன் கற்றுக்கொடுத்துப் பிழைக்கிறவள் நான். எலிகளைக் குழலூதி ஆற்றில் இறக்கியவன், கூலி கிடைக்காத ஆத்திரத்தில் ஊர்ப் பிள்ளைகளையும் ஊதியே கூட்டிப் போனான் என்கிற கதையை, அண்ணா பிள்ளை ப்ரணவுக்குச் சோறு ஊட்டும்போது எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அது வெறும் கதையில்லை. எழுநூறு வருஷத்துக்கு முன்னால் அந்த ஊர்ப் பிள்ளைகள் நிஜமாகவே போய்விட்டார்கள் என்று பழைய குறிப்புகள் சொல்கின்றன. அவற்றில் எலியே கிடையாது. எலி பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. கிழக்கே காலி நிலத்தில் குடியேற்ற ஆள் பிடிக்க வந்த தரகன் எவனோ, பளபளவென்று உடுத்திக்கொண்டு, நிலம் தருகிறேன், வீடு தருகிறேன் என்று வாலிபப் பிள்ளைகளை அழைத்துப் போயிருப்பான் என்று சில ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். நிச்சயமாக யாருக்கும் தெரியாது. அவர்கள் போன தெரு என்று ஒன்றை இன்றைக்கும் காட்டுகிறார்கள். கல்யாண ஊர்வலம்கூட அங்கே சத்தமில்லாமல்தான் கடக்கும்.

எங்கள் வீட்டுக்கு வந்த தரகன் குழல் கொண்டுவரவில்லை, கிளிப்பச்சை கோட் போட்டுக்கொண்டு வந்தான். இன்ஜினியரிங் முடித்து, முனிர்காவில் சிநேகிதர்களோடு அறை எடுத்து, வேலை தேடிச் சலித்துப்போயிருந்த ப்ரணவிடம் பாங்காக்கில் கம்ப்யூட்டர் வேலை என்றான். அண்ணா ராஜகோபால் மத்திய சர்க்காரில் செக்‌ஷன் ஆபீசர், ஒரு காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் படிக்காமல் கையெழுத்துப் போடமாட்டார். அவரையே மயக்கிவிட்டான். மன்னி கையால் ரசம் சாதம் சாப்பிட்டுவிட்டு, "ஏக்தம் ஃபர்ஸ்ட் கிளாஸ், மாதாஜி" என்றான், கட்டேல போறவன்.

பாங்காக்கில் இறங்கிய பிள்ளையை எல்லை தாண்டி எங்கேயோ கொண்டுபோய், மதில் சூழ்ந்த கட்டடத்தில் அடைத்து, போனில் ஊராரை ஏமாற்றும் வேலையில் உட்கார்த்திவிட்டார்கள். எவன் போனிலிருந்தோ திருட்டுத்தனமாக இரண்டு தடவை அவன் கூப்பிட்டதால் இவ்வளவாவது தெரிந்தது. "அம்மா, இங்க அடிக்கறா. பஹுத் மார்தே ஹைன்" என்றான். அதற்குள் கட்டாகிவிட்டது. அந்த நம்பர்களைத் திருப்பி அழைத்தால் போகாது.

அண்ணா ஆபீஸ் ஆபீஸாக அலைந்தார். ஒரே ஒரு அதிகாரிதான் உட்காரவைத்துப் பேசினார். "ஊர் பேரோ கட்டடத்தின் பேரோ தெரிந்தால் அந்த ஊர்ப் போலீஸிடம் சொல்லி மீட்கப் பார்க்கலாம். தெரியாமல் எங்கே போய்த் தேடுவது? அடுத்த தடவை கூப்பிட்டால் முதலில் அதைக் கேளுங்கள்" என்றார். அன்றிலிருந்து மன்னி போனைக் கீழே வைப்பதில்லை. குளிக்கப் போனாலும் கூடவே போகும்.

மேளம் வேண்டாம் என்றதற்கும் அதுதான் காரணம். சத்தத்தில் பிள்ளை கூப்பிடுவது கேட்காமல் போய்விட்டால்? புரிந்தபோது எனக்கு என் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

ஆனால் சம்பந்தி சேஷனிடம் இதைச் சொல்ல அண்ணாவுக்கு வாய் வரவில்லை. பையனுக்கு லீவு கிடைக்கவில்லை என்றே சொல்லிவைத்திருந்தார். கல்யாணம் நின்றுவிடுமோ என்று பயம். சேஷனோ, "மேளமில்லாம தாலி கட்டறதா? எங்காத்துல வழக்கமில்லை மாமி" என்றார். கடைசியில் தாலி கட்டும் நேரத்துக்கு மட்டும் மேளம் என்று முடிவாயிற்று. அந்தக் கொஞ்ச நேரம்தானே என்று மன்னியும் தலையாட்டினாள், பெண்ணுக்காக.

முகூர்த்தம் வந்தது. ஷ்ருதி அப்பா மடியில் உட்கார்ந்திருந்தாள். அழுகைச் சத்தமோ தும்மலோ காதில் விழாமலிருக்கத்தானே கெட்டி மேளம்? சாஸ்திரிகள் கையை உயர்த்தி விரலை ஆட்டினார். தவில் இடித்தது.

மன்னி சட்டென்று இடுப்பைத் தொட்டாள். மடிசார் மடிப்பிலிருந்து போனை எடுத்தாள். ஏதோ வெளிநாட்டு நம்பர். ஒரு காதில் போனை அழுத்தி மறு காதைப் பொத்திக்கொண்டு, "எந்த ஊருடா? ஊர் பேர் சொல்லுடா" என்று கத்தினாள். பக்கத்தில் நின்ற எனக்கே அது உதட்டசைவில்தான் தெரிந்தது.

தவில்காரரைப் பார்த்துக் கையை உயரத் தூக்கி ஆட்டினாள், நிறுத்து, நிறுத்து என்று. முகூர்த்த நேரத்தில் உயர்ந்த கை ஆடினால் தவில்காரருக்கு ஒரே அர்த்தம்தான். இன்னும் ஓங்கி அடித்தார். அவள் இரண்டு கையையும் ஆட்டினாள். நாகஸ்வரமும் உச்சிக்கு ஏறியது. நான் பாய்ந்துபோய் அவர் கையைப் பிடித்தேன். அதற்குள் மன்னி ஜனங்களை இடித்துத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு ஓடியிருந்தாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது திரும்பத் திரும்ப அந்த நம்பரை அழுத்திக்கொண்டிருந்தாள். ஏதோ ஒரு பாஷையில் ஒரு பெண்குரல் சொன்னதையே சொல்லிற்று.

சம்பந்தி மாமி பின்னாலேயே வந்து, "பொண்ணை அனுப்பறது கஷ்டம்தான். அழாதேள் மாமி" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனாள். மன்னி தலையாட்டினாள்.

"அம்மான்னான் சுபா. அது மட்டும் கேட்டுது. அப்பறம் ஏதோ சொல்லிண்டே இருந்தான், ஒண்ணும் விழல."

"மறுபடி பண்ணுவான் மன்னி."

"அவன் காதுல மேளம் நன்னா விழுந்திருக்கும் இல்லையா?" என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவன் இல்லாம நாமெல்லாம் சந்தோஷமா இருக்கோம்னு நெனச்சிருப்பானோ?"

இல்லை மன்னி என்று எவ்வளவோ சொன்னேன். ப்ரணவ் அதற்கப்புறம் கூப்பிடவேயில்லை.