நூரியும் மீன் வண்டியும்

பின்னால் இரண்டு பேர் தள்ள, முன்னால் மஜீது கயிற்றைப் பிடித்து இழுக்க, நூரி என்கிற அந்த வெள்ளைக் குதிரை சாய்வுப் பலகையில் ஒரே ஒரு குளம்பை வைத்தது. வண்டிக்குள் மூக்கை நீட்டிப் பார்த்தது. அவ்வளவுதான், விறுவிறுவென்று பின்வாங்கி, தள்ளிய இருவரையும் சாக்கடையோரம் உட்கார வைத்துவிட்டது. தண்டையார்ப்பேட்டையின் அந்தச் சந்தே விழுந்து விழுந்து சிரித்தது.

மஜீது சிரிக்கவில்லை. மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் குதிரை விடுவது அவர் தொழில். முன்பெல்லாம் குதிரையை நடத்தியே கல்யாண வீட்டுக்குக் கூட்டிப் போவார். இப்போது துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் சாலையை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. மனுஷனுக்கே வழியில்லை, குதிரைக்கு எங்கே வழி? அதனால் மகன் அஃப்ரித் காசிமேட்டில் மீன் ஏற்றுகிற வண்டியிலேயே கொண்டுபோகலாம் என்று பார்த்தார். புதிதாக வாங்கிய நூரியோ மகாராணி மாதிரி முரண்டு பிடித்தது.

"வெல்லம் குட்தாச்சு, கேரட்டு குட்தாச்சு, கண்ணக் கட்டியும் பாத்தாச்சு. இதுக்கு இன்னாதான் வோணுமாம்? பொன்னேரி கல்யாணத்துக்குள்ள ஏறலன்னா அந்தியூர் குதிரைச் சந்தைக்கே திருப்பி ஓட்டிடுவேன். ஒரே பேஜாரு!" என்று மஜீது தலையில் அடித்துக்கொண்டார்.

வாசலில் நின்ற தமன்னா இறங்கிப் போய் நூரியின் கழுத்தைத் தடவிக்கொடுத்தாள். பேரணாம்பட்டிலிருந்து அஃப்ரித்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். இந்த வீட்டில் அவள் மனம்விட்டுப் பேசுகிற ஒரே ஜீவன் நூரிதான். புருஷன் தங்கமானவன், ஆனால் விடியுமுன் மீனேற்றப் போய், மத்தியானம் வந்து அடித்துப் போட்டாற்போல் தூங்குகிறவனிடம் என்னத்தைப் பேச?

நூரி ஏன் ஏறவில்லை என்பது அவளுக்கு முதல் நாளே தெரியும். சொல்லத்தான் வாய் வரவில்லை. வண்டி நாறியது. வண்டி மட்டுமா? சந்து, கொடியில் காயும் சட்டை, புருஷன் தலைமுடி, எல்லாமே மீன். தலையணை உறைக்குள் மல்லிகையைச் செருகி வைத்துக்கொண்டு, வாயால் மூச்சுவிட்டு நாளைத் தள்ளிக்கொண்டிருந்தாள். துப்பட்டா நுனி மூக்குக்குப் போகும்போதெல்லாம் மாமியார் பதுருன்னிசா மசக்கை என்று பூரித்துப்போய் மாங்காய் வாங்கி வைத்தாள். தமன்னாவும் மறுக்காமல் தின்று தொலைத்தாள்.

இனியும் சும்மா இருந்தால் நூரி போய்விடும்.

"மாமா, வண்டி நாறுது" என்றாள்.

மஜீது வண்டிக்குள் தலையை விட்டு முகர்ந்தார். பக்கத்து வீட்டு சௌக்கத் அலியும் வந்து முகர்ந்தார்.

"இன்னா நாறுது? ஒண்ணியும் காணோமே!"

"மீன் மாமா. ரத்தமும் ஐஸ் தண்ணியும் பலகையில ஊறிக் கெடக்கு. புல்லு திங்கிற ஜீவன், பயப்படுது."

"மீனு நாறுமா?" என்று சௌக்கத் அலி நிஜமாகவே கேட்டார்.

அஃப்ரித் குனிந்து தன் சட்டைக் காலரை முகர்ந்து பார்த்தான்.

பதுருன்னிசாவுக்கு வேறு கணக்கு ஓடியது. "அப்போ அந்த மாங்கா?"

தமன்னா தலையைக் குனிந்துகொண்டாள். "நல்லா இருந்துச்சு மாமி."

"ஏம்மா, பொண்ணு பாக்க உங்கூருக்கு வந்தப்போ தோல் கம்பெனி நாத்தம் கொடலப் புடுங்குச்சு. நான் எதுனா வாயத் தொறந்தனா?"

"எங்க ஊருல நாத்தமா?" தமன்னா வாயைப் பிளந்தாள்.

மாமியாருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. உள்ளே போய் ஒரு குண்டான் நிறையப் புளி கரைத்து எடுத்து வந்து மகனிடம் நீட்டினாள். "நல்லாத் தேய்டா."

வண்டியைப் புளியும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்து, வைக்கோல் பரப்பினார்கள். அஃப்ரித் தன் கூட்டாளியின் வண்டியில் மீன் ஏற்றிக்கொண்டான். இனி ஏறிவிடும் என்று மஜீது கயிற்றோடு வந்தார். தமன்னா அதை வாங்கி ஆணியில் மாட்டிவிட்டாள்.

"யாரும் இழுக்கக் கூடாது மாமா. அதுவா வரட்டும்."

கொள்ளு வாளியைப் பலகைக்குக் கீழே வைத்தாள். நூரி தின்றது. மறுநாள் வாளி பலகைமேல் ஏறியது. அப்புறம் வண்டி விளிம்புக்கு. முன்னங்கால் இரண்டும் உள்ளே போய், பயந்து வெளியே வந்தால், வரட்டும் என்று விட்டுவிடுவாள். "வாடி தங்கம், மெதுவா வா" என்று உள்ளங்கையில் வெல்லத்தை நீட்டுவாள். ஒரு நாள் நான்கு காலும் உள்ளே போயின. இன்ஜினை ஓடவிட்டுத் தீனி வைத்தார்கள். பிறகு சந்து முனைவரை ஒரு சுற்று, திருவொற்றியூர் தேரடிவரை ஒரு சுற்று.

எல்லாம் நன்றாகத்தான் நடந்தது, ஒன்றைத் தவிர. வண்டி நாறுது என்று அவள் சொன்ன அன்றிலிருந்து அஃப்ரித் மொட்டை மாடியில் படுத்துக்கொண்டான். கோபமில்லை, வெட்கம். அவளுடைய அறைப் பக்கமே வருவதில்லை. குதிரைக்காகப் பேசப் போய்ப் புருஷனை விரட்டிவிட்டோமே என்று அவளுக்கு நெஞ்சு குத்தியது. மல்லிகையை எடுத்து எறிந்தாள். அதைச் சொல்லவும் வாய் வரவில்லை.

பொன்னேரி கல்யாணத்தன்று நூரி தானே நடந்து ஏறியது. கையில் வேலையில்லாமல் நின்ற மஜீது, "எப்டி கீது பாரு, மருமவ கைராசி!" என்று சந்துக்கே கேட்கக் கத்தினார்.

ஊர்வலம் முடிந்து நூரி பத்திரமாகத் திரும்பிவிட்ட மறுநாள் சாயங்காலம், சமையலறையில் பதுருன்னிசா சத்தம் போட்டாள். "மீன் கொழம்புக்கு வெச்ச புளிய எவன் எடுத்தான்?"

தமன்னா நிமிர்ந்து பார்த்தாள். அறை வாசலில் அஃப்ரித். தலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. காதுமடலில் எலுமிச்சைத் தோல். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே.

"இன்னும் நாறுதா?" என்றான்.

"கொஞ்சம்."

அவன் உள்ளே வைத்த காலைப் பின்னுக்கு இழுத்தான். தமன்னாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. நூரிக்கென்று வைத்திருந்த டப்பாவைத் திறந்து ஒரு வெல்லத் துண்டை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

"இருந்துட்டுப் போகட்டும். மெதுவா வாங்க."

அஃப்ரித் மெதுவாகத்தான் வந்தான்.