வியாழக்கிழமைப் பாதங்கள்

ஷூவின் மேல்தோலுக்குப் பசை தடவிக்கொண்டிருந்த கங்கம்மாவுக்குக் கை ஓடவில்லை. பம்மல் பட்டறையில் அவளுக்குப் பக்கத்து ஸ்டூல் ஒரு வாரமாகக் காலி. அதில் உட்காருகிறவள் சாவித்திரி, ஒடிசாக்காரி. போன வியாழக்கிழமை அவள் புருசனைத் தெருப் பையன்கள் கட்டையால் அடித்துக் காலை முறித்துவிட்டார்கள்.

இந்த மாதத்து வியாழக்கிழமைகளில் ஒடிசாப் பெண்கள் அரிசி மாவைக் கரைத்து, வாசலிலிருந்து உள்ளே வரை லட்சுமி பாதம் போடுவார்கள். பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்கிற பெண்களுக்கு அது தெரியும். தெரு ஆம்பளைகளுக்கு யார் சொன்னது? எவனோ போட்டோ எடுத்து, எத்தனை பாதமோ அத்தனை பிள்ளை கடத்தியிருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் ஏற்றிவிட்டான். வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆயிற்று. அடித்தவர்களில் கங்கம்மாவின் மகன் பிரசன்னாவும் ஒருவன்.

"நாளிக்கு வியாழக்கெழம," என்றாள் எதிரே தோல் மடித்துக்கொண்டிருந்த ஜோசலின். "பாதம் கீதுன்னா சாவித்திரி ரூமையே கொளுத்துவோம்னு பேசிக்கினு கீறானுங்க. உன் புள்ளயும்தான்க்கா."

"அவ போடாம இருந்துட்டா?"

"கொளுத்தறவனுக்கு வேற சாக்கா கெடைக்காது?"

கங்கம்மா பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். மனதில் வந்ததைச் சொல்லவே பயமாக இருந்தது. "நாமளும் போட்டா? எல்லா வூட்லயும்? எத்தினி வூட்டக் கொளுத்துவானுங்க?"

"கிறிஸ்மஸ் ஸ்டார் கட்டிகீற வூட்ல லட்சுமி காலா?" என்று ஜோசலின் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "மாவ மட்டும் நீ கரைச்சிக் குடுத்துரு, அக்கா" என்றாள்.

சாயங்காலம் இருவரும் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். சிலர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார்கள். வடக்கத்தியானுக்கு வக்காலத்தா என்று ஒருத்தி கேட்டாள். யார் போடுவார்கள், யார் காட்டிக்கொடுப்பார்கள் என்று தெரியாமலே கங்கம்மா வீடு திரும்பினாள்.

விடிகிற நேரத்தில் வாசலில் குனிந்தாள். விரல்களை மடக்கி, கையின் பக்கவாட்டை மாவில் தோய்த்துத் தரையில் பதித்தாள். மேலே ஐந்து புள்ளி வைத்தாள்.

"இன்னாமா பண்ற?" பிரசன்னா பின்னால் நின்றிருந்தான்.

"பாத்தா தெர்ல?"

"அழிம்மா. பசங்க வந்துகினு கீறாங்க."

"சின்னதுல கிருஷ்ண ஜெயந்திக்கு உன் கைய மடக்கித்தானடா பாதம் போட்டேன்? அப்போ எத்தினி புள்ளையக் கடத்துன, சொல்லு?"

அவன் பதில் சொல்வதற்குள் தெருமுனையில் பைக்குகள் திரும்பின. முன்னால் வந்தவன் மடியில் பெட்ரோல் கேன். கங்கம்மா எழுந்திருக்கவில்லை. இன்னொரு பாதம் வைத்தாள்.

பைக்குகள் மெதுவாயின. ஜோசலின் வீட்டு ஸ்டாருக்குக் கீழே கோணலாக இரண்டு பாதம். அடுத்த வாசலில் நான்கு. நேற்றுக் கதவைச் சாத்தியவள் வாசலிலும் ஒன்று, சின்னதாக.

"டேய் பிரசன்னா, உங்க வூட்லயுமாடா?"

வெளியே வரக் கால் எடுத்த பிரசன்னா, ஈர மாவை மிதிக்காமல் அப்படியே நின்றான். பைக்குகள் கொஞ்ச நேரம் உறுமிவிட்டுத் திரும்பிப் போயின.

மிச்ச மாவுக் கிண்ணத்தோடு கங்கம்மா சாவித்திரி ரூமுக்கு ஓடினாள். உள்ளே அவள் புருசன் மாவுக்கட்டுப் போட்ட காலை நீட்டிப் படுத்திருந்தான். சாவித்திரி வாசலில் உட்கார்ந்து, பழைய பாதம் இருந்த இடத்தைப் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"போயிட்டானுங்க சாவித்திரி. தெரு பூரா போட்டுகீறோம், வந்து பாரு. இந்தா, நீயும் போடு."

சாவித்திரி எட்டிப் பார்த்தாள். கண் நிறைந்தது. கிண்ணத்தை மட்டும் அவள் வாங்கவில்லை.

"உங்க வீட்டுல நீங்க போடலாம் அக்கா," என்றாள்.

மறுபடி குனிந்து தேய்த்தாள். தெரு முழுக்க லட்சுமி வீடு வீடாக ஏறிப் போயிருந்தாள். சாவித்திரியின் வாசல் மட்டும் ஈரமாக, வெறுமையாகக் கிடந்தது.