டிராக்டர் எண்ணெய்

ரவாங்கைத் தாண்டி பத்தாங் பெர்ஜுந்தை சாலையில் ஏறியதிலிருந்தே கார் மனமில்லாமல்தான் ஓடிக்கொண்டிருந்தது. தனேஸ்வரி எவ்வளவு அழுத்தினாலும் வேகம் ஏறவில்லை. பின்னால் யாரோ கயிறு கட்டிப் பிடித்துக்கொண்டிருப்பது போல ஓர் இழுவை. ஒரு வாரமாகவே இந்த இழுவை இருக்கத்தான் செய்தது. பழைய புரோட்டோன், வயசாகிவிட்டது, அதற்கும் முட்டிவலி இருக்காதா என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு அவளும் வேலைக்குப் போய் வந்துவிட்டாள். சமாதானம் சொல்லிக்கொள்வதில் அவளை மிஞ்ச ஆளில்லை. கல்யாணமாகிக் குடும்பம் நடத்திய வருஷங்களிலும் அதைத்தான் செய்தாள்.

இன்றைக்குப் பார்த்தா இது? ஞாயிற்றுக்கிழமை. ஆறு மணிக்குள் ரூபினி கோலசிலாங்கூரில் தன் அப்பா வீட்டு வாசலில் இறங்கியாக வேண்டும். தனேஸ்வரியும் சுகுமாரனும் பிரிந்தபோது பேசி முடித்த ஏற்பாடு அது. பிள்ளை படிப்பதும் வளர்வதும் அப்பாவிடம். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, வெள்ளிக்கிழமை சாயங்காலத்திலிருந்து ஞாயிறு ஆறு மணிவரை அம்மாவிடம். ஏற்கெனவே இரண்டு தடவை தாமதமாகிவிட்டது. ஒரு தடவை மழை, ஒரு தடவை இதே காரின் பேட்டரி. "இன்னொரு தடவ லேட்டாச்சுன்னா நான் லாயர்கிட்டதான் பேசுவேன்" என்று சுகுமாரன் சொல்லியிருந்தான். கத்திச் சொல்லவில்லை. கத்தியிருந்தால் அவள் இவ்வளவு பயந்திருக்கமாட்டாள்.

பக்கத்து சீட்டில் அவளுடைய அப்பா காளியண்ணன் உட்கார்ந்திருந்தார். கலும்பாங் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பாமாயிலுக்கான செம்பனைக் குலை ஏற்றும் டிராக்டர் ஓட்டுகிறவர். அவர் கை பட்டால் செத்த இஞ்சினும் ஒரு தடவை இருமிவிட்டுத்தான் சாகும் என்று லயத்து வீடுகளில் கேலியாகவும் சொல்வார்கள், மரியாதையாகவும் சொல்வார்கள். பேத்தியைக் கொண்டுபோய் விடும்போதெல்லாம் கூடவே வருவார். போகும்போது வழியெல்லாம் கதை. திரும்பும்போது வாயே திறக்கமாட்டார்.

"அம்மா, என்னமோ கருகுது" என்றாள் பின்சீட்டிலிருந்த ரூபினி. ஏழு வயதுக்கு நல்ல மூக்கு அவளுக்கு.

கண்ணாடியில் பார்த்தபோது முன்சக்கரத்தின் பக்கமிருந்து வெள்ளையாகப் புகை கிளம்பிக்கொண்டிருந்தது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததுமே கார் தானாக நின்றது. இரண்டு பக்கமும் செம்பனை. ஒரு வீடு இல்லை, கடை இல்லை. இறங்கிச் சக்கரத்தின் கிட்டே போனால் அடுப்பு வாயில் முகத்தை வைத்தது போல அனல் அடித்தது. ரூபினி தன் தண்ணீர்ப் போத்தலைத் திறந்துகொண்டு ஓடிவந்தாள்.

"வேணாம்டா கண்ணு" என்று காளியண்ணன் அவள் கையைப் பிடித்தார். "இந்தச் சூட்டுல தண்ணி பட்டா இரும்பு வெடிச்சிரும். அதுவா ஆறட்டும்." பிறகு மகளிடம் திரும்பினார். "பிரேக்கு புடிச்சது புடிச்சபடியே இருக்கும்மா. விடமாட்டேங்குது."

தனேஸ்வரி பானட்டைத் திறந்தாள். பிரேக் எண்ணெய் நிற்கும் சின்ன டப்பாவின் மூடியைத் துணி சுற்றித் திருகி எடுத்தாள். மூடிக்குள் இருந்த ரப்பர் வெளியே பிதுங்கிக்கொண்டு வந்தது. உப்பி, சுருண்டு, மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. உள்ளே தள்ளிப் பார்த்தாள். அந்த மூடிக்குள் அது இனி அடங்காது.

ரவாங்கில் கையுறைத் தொழிற்சாலை ஒன்றில் தரம் பார்ப்பது அவள் வேலை. ஆகாத எண்ணெய் பட்ட ரப்பர் எப்படி ஊதிப்போகும் என்பது அவளுக்குக் கனவில்கூடத் தெரியும். அப்படி ஊதினவற்றைப் பொறுக்கித் தொட்டியில் போட்டுத்தான் அவள் சம்பளம் வாங்குகிறாள்.

"அப்பா, இதுல என்ன ஊத்துனீங்க?"

"ஒன்னும் ஊத்தலயே. கொறஞ்சிருந்துச்சு, கொஞ்சம் ஏத்தி விட்டேன்."

"என்ன எண்ணெய்ப்பா?"

"டிராக்டர் எண்ணெய்தான் லா. ஹைட்ராலிக். புது டின்னு, அப்பத்தான் தொறந்தது. அம்மாம் பெரிய குலைங்கள அந்த எண்ணெய்தான தூக்குது. இத்தூண்டு காரை நிப்பாட்டாதா?"

"போன தடவ வந்தப்ப ஊத்துனோம். நான்தான் பொனல் புடிச்சேன்" என்றாள் ரூபினி, பெருமையாக.

தோட்டத்தில் எண்ணெய் என்றால் அந்த ஒரே எண்ணெய்தான். கதவு கிரீச்சிட்டாலும் அது, சைக்கிள் சங்கிலிக்கும் அது, அரிவாள் துருப்பிடித்தாலும் அது. ஸ்டோரில் புது டின் திறந்தால் லயத்துக்கு ஆளுக்கொரு போத்தல் நடந்து போகும். மேற்பார்க்கிற மண்டோர் கண்டுகொள்ளமாட்டார், அவர் வீட்டுக்குத்தான் முதல் போத்தல் போயிருக்கும். அந்த எண்ணெயால் ஆகாத காரியம் ஒன்று இருக்கிறது என்று அங்கே யாரும் கேள்விப்பட்டதில்லை. பிரேக்குக்கு உள்ளது வேறு எண்ணெய். டிராக்டர் எண்ணெய் போனால் உள்ளே இருக்கும் ரப்பரெல்லாம் அதைக் குடித்து ஊதிப்போய், மிதித்த பிரேக்கைத் திரும்ப விடாது. உரசி உரசிச் சூடேறி, கடைசியில் இப்படிப் புகையும்.

தனேஸ்வரி மூடியைக் காட்டி அதைச் சொன்னபோது காளியண்ணன் அந்த ரப்பரை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"போன மாசம் மாப்பிள்ளை என்னா சொன்னாரு? இந்தக் காருல என் பிள்ளைய ஏத்துறதே ஆபத்துன்னு சொன்னாருல்ல?" என்றார் அப்புறம். "அதான் ஒரு கொறையும் இருக்கக்கூடாதுன்னு ஒன்னு ஒன்னாப் பாத்தேன்."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை. தனேஸ்வரிக்கு அவரைத் திட்டவும் வந்தது, அழவும் வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு மணியைப் பார்த்தாள். இன்னும் நேரம் இருந்தது, அதிகம் இல்லை.

சக்கரம் கொஞ்சம் ஆறியதும் காளியண்ணன் காரின் பின்பெட்டியைத் திறந்து ஸ்பானரை எடுத்தார். தரையில் மல்லாந்து படுத்து, முன்சக்கரத்தின் பின்னால் இருந்த சின்னத் திருகைத் தளர்த்தினார். பிடித்து வைத்திருந்த எண்ணெய் கருப்பாகப் பீறிட்டு அவர் விரலைச் சுட்டது. ஸ்ஸ் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நாலு சக்கரத்துக்கும் அதையே செய்து முடித்து எழுந்து காரைத் தள்ளினார். கார் நகர்ந்தது.

"ஓடும்மா" என்றார். முகத்தில் பழைய டிராக்டர்காரர் திரும்பி வந்திருந்தார். "பிரேக்க ரொம்பத் தொடாம மெல்லப் போனா ஆறுக்குள்ள போய்ச் சேந்துறலாம். ஏறுங்க."

ரூபினி கதவில் கை வைத்துவிட்டாள். தனேஸ்வரிக்கும் ஏறச் சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. மெல்லப் போனால் என்ன, ஞாயிற்றுக்கிழமை, சாலை காலிதான். ஒரே ஒரு தடவை அந்த வாசலில் நேரத்துக்குப் போய் நின்றால் போதும். அந்த ஆசை அவளைப் பிடித்து உலுக்கியது.

"ரெண்டு பேரும் இங்கயே நில்லுங்க" என்றாள். "நான் மட்டும் கொஞ்ச தூரம் ஓட்டிப் பாக்குறேன்."

கார் இப்போது லேசாக ஓடியது. இழுவை இல்லை, வாடை இல்லை. அவளுக்கு நிம்மதி வந்தது. வளைவுக்கு முன்னால் பிரேக்கை மிதித்தாள். எண்ணெய் போன இடத்தில் காற்று புகுந்திருக்க, மிதி பஞ்சு மாதிரி தரைவரை போனது. மறுபடி மிதித்தாள், மறுபடியும் தரைதான். எதிரே வளைவில் மண் லோரி ஒன்று திரும்பிக்கொண்டிருந்தது. ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்துக் காரைப் புல்லுக்குள் திருப்பினாள். கார் கால்வாய் விளிம்புவரை வழுக்கிப்போய்ச் சாய்ந்தாற்போல் நின்றது. லோரி ஹாரன் அடித்துக்கொண்டே போய்விட்டது. பின்சீட்டில் ரூபினியின் துணிப்பை சரிந்து கீழே விழுந்து கிடந்தது. தனேஸ்வரி அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அதற்குள் தாத்தாவும் பேத்தியும் ஓடிவந்துவிட்டார்கள்.

அவள் சுகுமாரனை அழைத்தாள். கார் நின்றுவிட்டது, பிள்ளை நன்றாக இருக்கிறாள், இடம் இன்னது என்றாள். "அங்கயே இருங்க, வர்றேன்" என்றான்.

காத்திருந்த நேரம் முழுக்க அவளுக்கு ஒரே யோசனைதான். நடந்ததை நடந்தபடி சொன்னால் சுகுமாரன் பிள்ளையைத் தாத்தாவின் தோட்டத்து வீட்டுக்கு அனுப்பவே மாட்டான். சனிக்கிழமைகளில் அவளுக்கு வேலை உண்டு. அந்த நாளெல்லாம் ரூபினி தாத்தாவோடுதான் இருப்பாள். அந்தச் சனிக்கிழமையை நினைத்துக்கொண்டுதான் அவர் மற்ற நாட்களை ஓட்டுகிறார். சொல்லாவிட்டால் பழி தன் தலையில். இரண்டுக்கும் நடுவே இன்னொன்றும் அவள் மனசில் கிடந்தது. அப்பா தானாகவே சொல்லிவிட்டால் நன்றாயிருக்கும் என்பது. தான் கேட்காமல், அவராகவே.

சுகுமாரன் வந்தபோது ஆறு தாண்டியிருந்தது. முதலில் பிள்ளையைத் தூக்கிக் கை, கால், முகம் எல்லாம் பார்த்தான். புல்லில் டயர் இழுத்துக்கொண்டு போன தடத்தைப் பார்த்தான். அது கால்வாய் விளிம்பில் முடிவதையும் பார்த்தான். அவன் முகம் வெளுத்துப்போயிற்று.

"என்ன ஆச்சு?" என்றான்.

தனேஸ்வரி அப்பாவைப் பார்த்தாள். அவர் ஏற்கெனவே துடைத்த ஸ்பானரை மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் காத்திருந்தாள். ரூபினி வாயைத் திறந்தாள். தாத்தாவைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

"பிரேக் எண்ணெய்க்குப் பதிலா வேற எண்ணெய் ஊத்திட்டேன்" என்றாள் தனேஸ்வரி. "நான்தான். தெரியாமப் பண்ணிட்டேன்."

"மாமாகிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?" என்றான் சுகுமாரன். "அவருக்குத் தெரியாததா?"

காளியண்ணன் தலையை நிமிர்த்தவில்லை.

சுகுமாரன் இன்னும் ஏதோ சொல்ல வந்து, பிள்ளை பக்கத்தில் நிற்பதைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டான். "இனிமே பிள்ளைய உன்கூட அனுப்ப என்னால முடியாது தனே. பாக்கணும்னா நீ வீட்டுக்கு வந்து பாத்துட்டுப் போ. மத்தத லாயர் பேசட்டும். உங்கள எங்கயாச்சும் எறக்கி விடணுமா?"

"வேணாம். ஒர்க்‌ஷாப் போமனுக்குச் சொல்லியிருக்கேன், இழுக்க வண்டி வரும்" என்றாள். அது பொய். அந்தக் காரில் அவனோடு ஏற அவளால் முடியாது, அவ்வளவுதான்.

ரூபினி முத்தம் கொடுத்துவிட்டு ஏறிக்கொண்டாள். எப்போதும் வளைவு திரும்பும்வரை கையாட்டுகிறவள், இன்றைக்குக் கையாட்டவில்லை. பின்கண்ணாடி வழியே இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே போனாள்.

செம்பனைக்குள் வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. காளியண்ணன் சுட்டுப்போன விரலை வாயில் வைத்து எடுத்தார்.

"ஏம்மா அப்படிச் சொன்ன?"

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன்ப்பா."

அவர் கால்வாய் ஓரத்தில் புல்லில் உட்கார்ந்தார். உட்காரும்போது கிழவராகத் தெரிந்தார்.

"சொல்லத்தாம்மா நெனச்சேன்" என்றார். "பிள்ள என்னையே பாத்துக்கிட்டு நின்னுச்சு. தாத்தாவுக்குத் தெரியாதது இல்லன்னு இருக்கிற பிள்ள. அது மொகத்துக்கு முன்னால எனக்கு வாய் வரல."

தனேஸ்வரி காரின் கதவைச் சாத்திப் பூட்டினாள்.

"என்னையும்தான்ப்பா பாத்துக்கிட்டு நின்னுச்சு" என்றாள்.