பன்னிரண்டு பெட்டிகளின் சூடு

கிடங்கில் இருந்த பன்னிரண்டு இன்குபேட்டர்களும் காலியாகத்தான் இருந்தன. ஆனால் செவ்வாய்க்கிழமை காலை முதல் அவற்றுக்குள் குழந்தைகள் அழுதன.

அவை கடல் கடந்த ஒரு மருத்துவமனைக்காகச் செய்யப்பட்டவை, குறைமாதக் குழந்தைகளைக் கதகதப்பாக வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டிகள். லாரியில் ஏற்ற வேண்டிய வாரத்தில், அந்த நாட்டோடு எந்த வணிகமும் கூடாது என்று அரசு தடை போட்டது. மருத்துவக் கருவிக்கு விலக்கு உண்டு, விண்ணப்பித்துக் காத்திருங்கள் என்றார்கள். எவ்வளவு காலம் என்பதை மட்டும் சொல்லவில்லை. கம்பெனி முதலாளியம்மாவின் தம்பிதான் கப்பல் வேலைகளைப் பார்த்துவந்தார், அவர் அதற்குள் ஒரு வழி வைத்திருந்தார்.

"கோழிக்குஞ்சு பொரிக்கிற பெட்டின்னு போட்டு பக்கத்து நாட்டுக்கு அனுப்பிடலாம்க்கா. அங்கேருந்து அவங்க எடுத்துக்குவாங்க."

"மாட்டினா?"

"மாட்ட மாட்டோம்."

"ஹெல்மெட் இல்லாம போனப்பவும் இதைத்தான் சொன்னே."

மாட்டினால் உரிமம் போய்விடும், மற்ற மருத்துவமனைகளுக்கும் ஒரு பெட்டிகூட அனுப்ப முடியாது. சும்மா இருந்தால் அங்கே குழந்தைகள் குளிரில் கிடக்கும். முதலாளியம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. இதற்கிடையே, ஓடாமல் கிடந்தால் ஹீட்டர் கெட்டுவிடும் என்று சோதனைப் பிரிவு அக்கா திங்கள் மாலை எல்லாப் பெட்டிகளின் சுவிட்சையும் போட்டுவிட்டு, அணைக்க மறந்து வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் அழுகை கேட்டது. மத்தியானம் அந்த மருத்துவமனையின் டாக்டரம்மா போன் செய்தார். வெறும் மரத்தொட்டிலில் கிடக்கும் குழந்தைகளின் உடம்பு வெதுவெதுப்பாக இருக்கிறதாம், வார்டு முழுக்கப் புதுப் பெயின்ட் வாசனையாம். என்ன செய்தீர்கள் என்று கேட்டார்.

"சுவிட்சை அணைக்க மறந்துட்டோம்" என்றார் முதலாளியம்மா.

அதன்பின் யாரும் அணைக்கவில்லை. செய்தி பரவி, வார இறுதிக்குள் ஏற்றுமதி அதிகாரி வந்தார். பெட்டிகளை எண்ணினார், எதுவும் குறையவில்லை. ஆனாலும் அவருக்குத் திருப்தியில்லை.

"பொருள் போகலை, சரி. சேவைக்கும் தடை இருக்கும்மா. சூடு சேவைதானே?"

"சூட்டை எந்தக் கப்பல்ல சார் ஏத்தறது?" என்றார் தம்பி.

"நீ சும்மா இருடா" என்றார் முதலாளியம்மா. "சார், என் கிடங்கு, என் பெட்டி, என் கரண்ட். எங்கேயும் நான் பொய் எழுதலை. தப்புன்னா நீங்களே அணைச்சுடுங்க."

அணைப்பதற்கு முன் சூட்டைப் பார்க்க, அதிகாரி முதல் பெட்டியின் பக்கவாட்டு ஓட்டைக்குள் கையை விட்டார். ஏதோ அவருடைய விரலைப் பிடித்துக்கொண்டது.

"கை கழுவினீங்களா?" என்றார் சோதனைப் பிரிவு அக்கா.

"விட மாட்டேங்குதே."

"இழுக்காதீங்க, முழிச்சுக்கும்."

குழந்தை பால் குடிக்கும் நேரம்வரை அதிகாரி அப்படியே நின்றார். இடது கையால், சரக்கு கிடங்கிலேயே உள்ளது என்று எழுதினார். அது உண்மைதான். பிறகு தினமும் காலையில், கை கழுவிக்கொண்டு, ஆய்வுக்கு வந்தார். காவலாளி அவருக்கு ஒரு நாற்காலி போட்டுவைத்தார். விலக்குக் கோரிய விண்ணப்பத்தை மேசை மேசையாக அவரே தள்ளிக்கொண்டு போனார். அங்கே ஒரு குழந்தை வீட்டுக்குப் போகும்போதெல்லாம் டாக்டரம்மா போன் செய்வார், இங்கே எல்லாருக்கும் மிட்டாய். எந்த அழுகுரலுக்கு எந்தத் தாலாட்டு என்பது வெல்டருக்குக்கூடத் தெரிந்திருந்தது.

மூன்றாம் வருடம் அனுமதி வந்தது. பெட்டிகள் அவற்றின் சொந்தப் பெயரிலேயே, சரியான முகவரிக்குப் போயின. கடைசி லாரிக்கு முத்திரை வைத்துவிட்டு அதிகாரி கிடங்குக்குள் திரும்பி வந்தார். தரை வெறுமையாக இருந்தது. கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, முதல் பெட்டி இருந்த இடத்தில் விரலை நீட்டிப் பார்த்தார். நீட்டிய விரலை அவர் இழுக்கவில்லை.

காவலாளி நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்.