நேர்ந்துவிட்ட சேவல்

எங்கள் நகர் நலச்சங்கத்தின் புதுத் தீர்மானம் இது: கோழி வளர்க்கலாம், சேவல் கூடாது. இருந்தால் ஏழு நாளுக்குள் அப்புறப்படுத்த வேண்டும். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டு ஹாரன் விடிய விடிய கேட்கிற தெருவில், என் ஒற்றைச் சேவல்தான் எல்லோருடைய தூக்கத்தையும் கெடுத்துவிட்டதாம். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி.

நோட்டீஸை நீட்டிய செயலாளர் சிவபிரகாஷிடம் சொன்னேன். "சார், இது சாமிக்கு நேர்ந்துவிட்டது. விக்கவும் கூடாது, யாருக்கும் குடுக்கவும் கூடாது."

"அப்ப சாமிக்கே குடுத்திருங்கம்மா. எதுக்கு மூணு வருசமா வச்சிருக்கீங்க?"

நோட்டீஸை வாங்கிக்கொண்டேன். தெருவுக்கே தெரிந்த விஷயம்தான். என் கணவர் பிரசாந்த் குவைத்துக்குப் போய் ஐந்து வருடம். "இந்த ஆடிக்கு வந்துருவேன்" என்று அவர் முதல்முதலாகச் சொன்னபோது, குளத்தூர்ப் பக்கம் இருக்கிற எங்கள் குலசாமி கருப்பருக்கு ஒரு குஞ்சை நேர்ந்துவிட்டேன். அவர் வீட்டுப் படி ஏறியதும் வெட்டிப் பொங்கல் வைப்பதாக வேண்டுதல். மூன்று ஆடி போய்விட்டது. குஞ்சு சேவலாகி, கொண்டையும் சரிந்துவிட்டது. கம்பெனி லீவு தரவில்லை, விசா புதுப்பிக்க வேண்டும், டிக்கெட் ஏறிவிட்டது. அவருக்குக் காரணத்துக்கா பஞ்சம்?

எனக்குத்தான் ஆசை விடவில்லை. கேட் சத்தம் கேட்டால் முடியை ஒதுக்கிக்கொண்டு ஓடி வருவேன். சிலிண்டர் போடுகிறவர் எத்தனையோ தடவை மிரண்டிருக்கிறார்.

நோட்டீஸ் வந்த அன்று அவருக்குப் போன் செய்து சொன்னேன். 'வெட்டிராத, நான் வாரேன்' என்று சொல்லிவிடமாட்டாரா என்று ஒரு நப்பாசை.

"இதுக்கா போன் பண்ணுன? வெட்டிரு சுகுணா. சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது."

"நீங்க வந்தப்புறம்தானங்க வெட்டணும்?"

"டூட்டிக்கு நேரமாச்சு" என்று வைத்துவிட்டார்.

அவர் வரப்போவதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சோற்றை அடுப்பில் வைத்துவிட்டு அழுதேன். சோறு குழைந்துபோனது.

ஏழாம் நாள் சேவலைக் கூடையில் போட்டு மூடி, குளத்தூர் பஸ் ஏறினேன். கோயிலில் பூசாரி அய்யாக்கண்ணு அரிவாளை எடுத்துக்கொண்டு, எல்லோரிடமும் கேட்பதை என்னிடமும் கேட்டார்.

"நெனச்ச காரியம் ஆச்சா ஆத்தா?"

ஆச்சு என்று பொய் சொல்லத்தான் போயிருந்தேன். கருப்பர் முன்னால் வாய் வரவில்லை. "அவரு வரலைங்க. வரவும் மாட்டாரு."

பூசாரி அரிவாளைக் கீழே வைத்தார். "சாமி குடுக்காததுக்கு நீ எதுக்கு ஆத்தா சேவலக் குடுக்குற?"

"வேண்டுதல மாத்திக்கலாமுங்களா?"

"எங்கிட்ட ஏன் கேக்குற? அங்கிட்டு நிக்கிறான் பாரு கருப்பன், அவங்கிட்டச் சொல்லு."

கண்ணை மூடிக்கொண்டு உரக்கவே சொன்னேன். "அவரு வர வேணாம் சாமி. வருவாரு வருவாருங்கிற நெனப்பு எனக்குப் போயிரணும். போயிட்டா இந்தச் சேவல் ஒனக்கு."

"அப்ப அது இங்கயே மேயட்டும்" என்றார் பூசாரி. "நெனப்பு போன அன்னைக்கு வா, வெட்டிருவோம்."

வெறுங்கூடையோடு வீடு திரும்பினேன். தெரு நிம்மதியாகத் தூங்குகிறது. வருடம் ஒன்றாகிவிட்டது. சேவலுக்கு வயதாகிறது, சீக்கிரம் வந்து கடனை முடித்துவிடு என்று பூசாரி இரண்டு தடவை ஆள் விட்டுச் சொல்லிவிட்டார். நான் இன்னும் போகவில்லை.