எல்லாமே சிவப்பு

தைச்சுங் நகரில் குளிர் இறங்கிய வாரம். எரிவாயு வெந்நீர்க் கருவி விற்கும் அந்த நிறுவனத்துக்கு வரும் புகார்கள் எக்ஸ்எம்எல் கோப்புகளாகக் குவிந்தன. அவற்றைத் திரையில் ஒழுங்காகக் காட்டும் ஸ்டைல்ஷீட்டை எழுதியவள் பெய்ஷான். ‘தலைசுற்றல்’, ‘வாந்தி’, ‘மயக்கம்’ என்று அதில் கோர்த்து வைத்த சொற்களில் ஏதாவது ஒன்று புகாரில் இருந்தால், அது சிவப்பாகி மேலே வரும். விஷவாயு வீட்டுக்குள் தேங்குகிறது என்று அர்த்தம். உடனே கூப்பிட்டு எச்சரிக்க வேண்டும்.

திங்கட்கிழமை முதல் எல்லாப் புகாரும் சிவப்பு.

“என்னம்மா, புது வருஷத்துக்கு முன்னாடியே எல்லாருக்கும் சிவப்பு உறையில பணம் வெச்சுக் குடுக்கிறியா?” என்றார் மேலாளர் குவோ. “சிவப்பைக் கண்டுக்காதீங்க, வந்த வரிசையில படிங்கன்னு புகார் படிக்கிற பசங்ககிட்ட சொல்லிட்டேன்.”

“இன்னிக்குச் சரி பண்ணிடறேன் குவோ அண்ணே.”

“நேத்தும் இதைத்தான் சொன்னே!”

புதன்கிழமை மதியம் அவள் தப்பைக் கண்டுபிடித்தபோது சாப்பாட்டுப் பெட்டி ஆறிப்போயிருந்தது. ‘நாற்றம்’ என்ற சொல் வேண்டாம் என்று போன வாரம் குவோ சொல்லியிருந்தார். சொல்லை அழித்தவள், அதற்கு முன்னால் இருந்த, சொற்களைப் பிரிக்கும் சின்னக் கோட்டை அழிக்க மறந்துவிட்டாள். கோட்டுக்குப் பின்னால் ஒன்றுமில்லாத ஒரு சொல். ஒன்றுமில்லாதது எல்லாப் புகாரிலும் இருக்கிறது என்பது கணினியின் கணக்கு.

அந்தக் கோட்டை அழித்தாள். சிவப்பில் மிஞ்சியது ஒன்றே ஒன்று. கீலுங் நகரிலிருந்து ஓ என்ற பெண் எழுதியது. ‘கருவி இருக்கும் பால்கனியின் ஜன்னலைச் சாத்தினால் குளிக்கும்போது மகளுக்குத் தலைசுற்றல் வருகிறது. கருவியில் கோளாறா?’

பெய்ஷான் அவசரமாகப் புகாரில் இருந்த எண்ணை அழுத்தினாள். ஓர் ஆண் குரல் எடுத்தது.

“யாரு?”

“வெந்நீர்க் கருவி கம்பெனிலேருந்து. ஓ அம்மா இருக்காங்களா? ஜன்னலைத் தொறந்து வைக்கச் சொல்லுங்க!”

“நான் தீயணைப்புக்காரன். ஜன்னலை நாங்க உடைச்சாச்சு. பொண்ணு பொழச்சுக்கும்னு சொல்றாங்க. அம்மா... போயிட்டாங்க. ஜன்னல் விஷயம் உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“எங்களுக்கு எழுதியிருந்தாங்க.”

“எப்ப?”

மறுமுனைக் குரலைக் கேட்டுக்கொண்டிருந்த குவோ பாய்ந்து வந்து ரிசீவரைப் பொத்தினார். “இன்னிக்குக் காலைலன்னு சொல்லும்மா. நம்மள்ல ஒருத்தரும் படிக்கலை, யாருக்குத் தெரியப்போகுது?”

அவள் அவர் கையை விலக்கினாள்.

“திங்கக்கிழமை. அப்பவே சிவப்பாத்தான் வந்துச்சு. நான் பண்ண தப்புல எல்லாமே சிவப்பா இருந்துச்சு.”

“உங்க பேரு?” என்றது மறுமுனைக் குரல்.

அவள் சொன்னாள். குவோ தலையில் கைவைத்து நாற்காலியில் சரிந்தார்.